எட்டுக் கட்டத்தில் அடங்காத பாட்டு

"ஸார், பையனுக்கு டேப் வாங்கியாச்சு. பாட்டு ரெக்கார்டு பண்ண எந்த ஆப் போடலாம்?"

நாகலாபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உபாத்தியாயர்களை வழிமறித்துக் கேட்கப்படும் கேள்விகளுள் இது இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டது. எந்த அகராதி வாங்கலாம், எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று முன்பு கேட்டவர்களே இன்று இதையும் கேட்கிறார்கள். கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. முன்னாளில் கோடம்பாக்கத்துக்குப் போனால்தான் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் சாமான்களில் பெரும் பகுதி, இன்று சிலேட்டுப் பலகை அளவுள்ள ஒரு கருவிக்குள் அடங்கிவிட்டது. 2010-ம் வருஷத்தில் கொரில்லாஸ் என்னும் ஆங்கிலேய இசைக் குழு அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டு போனபோது, அதன் தலைவர் ஓட்டல் அறையிலும் வண்டியிலும் உட்கார்ந்தபடியே, பெரும்பாலும் ஒரு ஐபேட் பலகையைக் கொண்டு, 'தி ஃபால்' என்ற இசைத் தொகுப்பு முழுவதையும் தயாரித்துவிட்டார். அவ்வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்றே அது வெளிவந்தது. அந்தப் பலகை உலகத்துக்கு அறிமுகமாகி அப்போது ஒரு வருஷங்கூடப் பூர்த்தியாகவில்லை.

ஆகவே, பலகையில் பாட்டுப் பிடிக்க முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டியதில்லை. ஆயினும், கேட்கிறவர்களுக்கு நாம் உடனே ஒரு செயலியின் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. "பையன் எந்தப் பாட்டைப் பிடிக்கப் போகிறான்?" என்று திருப்பிக் கேட்கிறோம். பாட்டு எதுவாக இருந்தால் என்ன, யந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். யந்திரத்துக்கு எல்லாப் பாட்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நமது கரிசல் சீமைக்கும் பாட்டைப் பிடித்து வைக்கும் காரியத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. நாகலாபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில்தான், ஸ்ரீ முத்துசுவாமி தீக்ஷிதர் 1835-ம் வருஷத்தில் காலமானார். அவருடைய வமிசத்தில் வந்த சுப்பராம தீக்ஷிதர், தமக்குப் பாடமாக இருந்த கீர்த்தனங்களை எல்லாம் ஸ்வரப்படுத்தி, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் மகத்தான கிரந்தத்தை 1904-ம் வருஷத்தில் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். சின்னசாமி முதலியார் என்ற சங்கீத அபிமானி நமது இசையை ஐரோப்பிய ஸ்வரக்குறியில் எழுதிப் பாதுகாக்க முயன்று, அதில் தம் பொருளையும் கண்பார்வையையும் இழக்கும் நிலைக்கு வந்தார் என்றும், அவர் எட்டயபுரம் ராஜாவிடம் செய்துகொண்ட வேண்டுகோளே இந்தப் புஸ்தகத்துக்கு விதையாயிற்று என்றும் சொல்லுவார்கள். புஸ்தகம் தெலுங்கு லிபியில் அச்சாயிற்று. ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனி அடையாளம் வேண்டுமென்று தீக்ஷிதர் பிடிவாதமாக இருந்தார். அச்சுக் கோப்பவர் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வெறும் ஸரிகம எழுத்துக்களை மட்டும் வரிசையாக அச்சிட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த எழுத்துக்களுக்கு இடையிலே இருக்கிற அசைவு தப்பிப் போயிருக்கும். ஒரு கருவி எதைப் பிடிக்கிறது என்பதைக் காட்டிலும் எதை நழுவ விடுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்ற நியாயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே நியாயம் கிராமபோன் தட்டுக்கும் பொருந்தும். 1902-ம் வருஷத்தின் கடைசியில் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் குரலைத் தட்டில் பிடித்தார். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம் ஓடும். மூன்று நிமிஷத்துக்குள் ராகம், பல்லவி, அநுபல்லவி, சரணம், இரண்டு சங்கதி எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். தட்டுக்காகப் பாட்டு சுருங்கிற்று. நமது பக்கத்து ஊரான விளாத்திகுளத்தில் வாழ்ந்த நல்லப்ப சுவாமிகள் (1889-1965), சாகித்தியம் ஒன்றும் இல்லாமல் ஒரே ராகத்தை மணிக்கணக்காக ஆலாபனை செய்வதில் பெயர் பெற்றவர். அவரை மூன்று நிமிஷத் தட்டுக்குள் அடைப்பது, வைப்பாற்று வெள்ளத்தை வெண்கலச் செம்பில் அடைக்கிற காரியம்.

மூன்றாவது ஒரு உதாரணத்தையும் சொல்லிவிடுகிறோம். இது நமது மனத்தை அதிகமாகத் தொடுவது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-ம் வருஷத்தில் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுதியைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்கள், பல பாடல்களின் அடியில் 'சேகரித்தவர்: எஸ். எஸ். போத்தையா, வட்டாரம்: விளாத்திகுளம்' என்று அச்சிட்டிருப்பதைக் காண்பார்கள். தாலாட்டு, ஒப்பாரி, களையெடுப்பு, காதல் என்று நமது ஜனங்கள் வாய்மொழியாகப் பாடியவற்றை அவரும் அவரைப் போன்ற சிலரும் நடந்து நடந்து எழுதி வந்திராவிட்டால், அந்தச் சொற்கள் இன்று நமக்கு இல்லை. ஆனால் அச்சிலே இருப்பது சொல் மாத்திரமே. எந்த மெட்டில் பாடினார்கள், எங்கே இழுத்தார்கள், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார்கள் என்பது காகிதத்தில் ஏறவில்லை. சேகரித்தவர்கள் மேல் இதில் குறை இல்லை. அவர்களுடைய கையில் இருந்தது பென்ஸில். இன்று பள்ளிப் பையன் கையிலே இருக்கிற கருவி அவர்கள் கையில் அன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறபோது, "எந்த ஆப் போடலாம்?" என்ற கேள்வி நமக்கு அவ்வளவு லேசான கேள்வியாகத் தோன்றவில்லை.

நிற்க. செயலிகளின் சமாசாரத்துக்கு வருவோம்.

ஐபேட் வைத்திருக்கிறவர்கள் முதலில் தொடுவது கராஜ்பேண்ட். 2011-ல் ஐபேடுக்கு வந்த இச்செயலி, ஆரம்பத்தில் விலைக்கு விற்கப்பட்டு, 2017 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 32 தனித்தனித் தடங்களில் பதிவு செய்யலாம். அழகான செயலி, குழந்தைகள் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். ஆனால் இதைத் திறந்து புதிய பாட்டு ஒன்றைத் தொடங்கியதும் அது தானாகவே சில தீர்மானங்களைச் செய்து வைத்திருக்கிறது. நிமிஷத்துக்கு 110 தட்டு. நாலு நாலாக எண்ணும் தாளம். ஸி மேஜர் சுருதி, அதாவது நம்முடைய ஒரு கட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டின் நீளம் எட்டுக் கட்டம். எட்டுக் கட்டத்துக்கு முப்பத்திரண்டு தட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 17 விநாடி வருகிறது! கிராமபோன் தட்டுக்காரராவது மூன்று நிமிஷம் கொடுத்தார்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சிறு துண்டு ஒன்றைச் செய்து அதைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பாட்டாக்குகிற இசைக்கு அந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. மேல் ஓரத்திலுள்ள கூட்டல் குறியைத் தொட்டு, நீளத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிட்டால் பாடுகிற வரைக்கும் தடம் ஓடிக்கொண்டே இருக்கும். 'டிக் டிக்' என்று எண்ணும் மெட்ரோனோமையும் நிறுத்திவிடலாம். ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்தானே மாற்றுவார்? தெரியாத பிள்ளை, பாட்டியின் தாலாட்டு 17 விநாடியில் அறுந்து போனதும், பாட்டிக்குத்தான் தாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். தாலாட்டுக்குத் தாளம் தொட்டில் கயிற்றிலே இருக்கிறது. ஒப்பாரிக்கோ, நெஞ்சு விம்முவதே தாளம். நிமிஷத்துக்கு 110 என்ற கணக்குக்கு அவை கட்டுப்பட்டவை அல்ல.

சுருதியைத் திருத்தும் வித்தை இன்னும் அபாயமானது. குரல் சற்று விலகினால், பக்கத்திலுள்ள ஸ்வரஸ்தானத்துக்குத் தானாகவே இழுத்து வைத்துவிடும் வசதி இப்போது அநேகமாக எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. பேண்ட்லாப் என்பதில் அதற்கு 'ஆட்டோபிட்ச்' என்று பெயர். ஹார்மோனியக் கட்டைகளைப் போலப் பன்னிரண்டு இடங்களை மட்டுமே அந்த வித்தைக்குத் தெரியும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுத்தால், அசைகிற ஸ்வரத்தைப் பார்த்து, 'ஐயோ, பாவம், கால் தடுமாறுகிறது!' என்று பிடித்து நிறுத்திவிடுகிறது. சுப்பராம தீக்ஷிதர் அச்சுக்கூடத்தில் போராடி ஏற்றிய கமகத்தை ஒரு பொத்தானால் இறக்கிவிடலாம். ஆதலால் நம்முடைய இசையைப் பதிவு செய்கிறவர்கள், எந்தச் செயலியை எடுத்தாலும் முதல் காரியமாக அந்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி, தாமதம் என்னும் விஷயம். விளம்பரங்களில் இதைப் பற்றி அதிகமாகச் சொல்லுவதில்லை. ஆனால் பலகை வாங்குகிறவர்களை மிகவும் ஏமாற்றுவது இதுதான். மைக்கில் விழுந்த ஓசை எண்களாக மாறி, கருவிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஹெட்போன் வழியாக ஓசையாக வெளியே வருவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் எவ்வளவு என்பதே கேள்வி. ஓசை காற்றிலே விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆக, விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்கு தாமதம் என்றால், மிருதங்கக்காரர் பாடகருக்குப் பத்து மீட்டர் அப்பால் உட்கார்ந்திருப்பது போல. சற்றுக் கஷ்டந்தான், ஆனால் சமாளிக்கலாம். ஆயிரத்தில் இருநூறு பங்கு என்றால், மிருதங்கக்காரர் அறுபத்தெட்டு மீட்டருக்கு அப்பால் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார் என்று அர்த்தம். நிமிஷத்துக்கு 80 தட்டு விழும் ஆதி தாளத்தில் ஒரு தட்டுக்கு முக்கால் விநாடி. அதில் கால் பங்குக்கு மேலேயே தப்பிப் போகிறது. முன்பே பதிவான தம்புராவோடோ, தாளத்தோடோ சேர்ந்து பாட முயலும் பிள்ளை குழம்பிவிடும். கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன்களில் இவ்வளவு தாமதம் சர்வ சாதாரணம். பதிவு செய்யும்போது கம்பியுள்ள ஹெட்போனே வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இந்த ஒரு விஷயத்தில் ஐபேட் ஆரம்ப நாள் முதலே முந்திக்கொண்டது. ஆண்டிராய்டு பலகைகளில் பல கம்பெனிகளின் பல விதமான உள்ளுறுப்புகள் இருப்பதால், தாமதம் பலகைக்குப் பலகை வேறுபட்டது. 2017-ல் வந்த ஆண்டிராய்டின் எட்டாவது பதிப்பில் இதற்கென்று புதிய வழி ஒன்று வகுத்தார்கள். சங்கீத வேலைக்குத் தகுதியானது என்று ஒரு கருவி தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால், சுற்றுத் தாமதம் குறிப்பிட்ட ஒரு சிறு அளவுக்கு மேற்படக் கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். ஆனால் நமது ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலகைகளுள் அந்தத் தகுதி உள்ளவை அபூர்வம். 'ஆடியோ எவல்யூஷன் மொபைல்' என்ற ஆண்டிராய்டுச் செயலி, யு.எஸ்.பி. மைக்கோடு தானே நேராகப் பேசிக்கொள்ளும் ஒரு தனி ஏற்பாட்டை விலைக்குக் கொடுக்கிறது. மலிவுப் பலகை வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல உபாயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியிலுள்ள ஸ்டைன்பெர்க் கம்பெனியின் கியூபேஸிஸ் 2012-ல் ஐபேடுக்கு வந்தது. 2020 முதல் ஆண்டிராய்டிலும் உண்டு. ஒரே தரம் பணம் கட்டினால் போதும். பல தடங்களைச் சேர்த்துப் பொறுமையாக வேலை செய்ய விரும்பும் பெரியவர்களுக்கு உகந்தது. பெல்ஜியத்திலிருந்து வரும் எஃப்.எல். ஸ்டூடியோ மொபைல், கொட்டு வகைகளை விரலால் கட்டி அடுக்குகிற இளைஞர்களுக்குப் பிரியமானது. நாலு பேர் பாடுவதை நேரில் பதிவு செய்ய அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆப்பிள் கம்பெனியின் லாஜிக் புரோ, 2023 முதல் ஐபேடில் கிடைக்கிறது. வல்லமையில் அதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் மாதச் சந்தாவோ வருஷச் சந்தாவோ கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தா நின்றால் கதவு அடைபட்டுவிடும். மானாவாரி வெள்ளாமையை நம்பி இருக்கிற குடும்பங்களுக்கு எந்தச் சந்தாவையும் நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். சிங்கப்பூரில் தோன்றிய பேண்ட்லாப் இலவசம். ஐபேடு, ஆண்டிராய்டு இரண்டிலும் ஓடும். நாகலாபுரத்துப் பிள்ளையும் கோலாலம்பூரிலுள்ள அத்தை மகனும் ஒரே பாட்டில் சேர்ந்து வேலை செய்யலாம். பிள்ளைகளுக்கு இதைவிட உற்சாகமான செயலி இல்லை. அந்த உற்சாகத்துக்கு உள்ளே இருக்கிற ஒரு சிக்கலைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

சென்ற வருஷம் நமது வகுப்புப் பிள்ளைகள் சிலர், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடும் பாட்டுக்களைப் பதிவு செய்து வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தோம். ஒரு மாணவியின் பாட்டி, வயது எண்பதுக்கு மேல். பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் உழைத்துக் காய்ப்பேறிய கை. குரல் மட்டும் தளரவில்லை. இரண்டு தாலாட்டும், ஒரு கும்மியும் பாடி முடித்த பிறகு, "ஒப்பாரி பாடுவீர்களாமே?" என்று கேட்டோம். அந்த அம்மாள் வாசலைப் பார்த்தார். உள்ளே விளக்கு மாடத்தைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, வீட்டுக்குள்ள வச்சு அதப் பாடப்படாது. காட்டுப் பக்கம் வாங்க, பாடுதேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஊருக்கு வெளியே வேலிக்கருவை மரத்தடியில் உட்கார்ந்து, காலமான தம் மூத்த மகனுக்காகத் தாம் கட்டிப் பாடிய பாட்டைப் பாடினார். கால் மணி நேரம். எட்டுக் கட்டமுமில்லை, தட்டுமில்லை. பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், அவர் கேட்ட முதல் கேள்வி, பாட்டு நன்றாக இருந்ததா என்பதல்ல.

"இத யார் யாருக்குப் போட்டுக் காட்டுவீக?"

பேத்தியின் பலகையில் இருந்ததோ, பதிவு ஆனவுடன் எங்கோ உள்ள களஞ்சியத்துக்குத் தானே அனுப்பி வைக்கும் செயலி. அனுப்பியதை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதில்லை. மறைவாக வைக்கவும் வசதி உண்டு. ஆயினும், மகனை இழந்த தாயின் அழுகை நம் கையை விட்டுப் போய்க் கடலுக்கு அப்பால் ஒரு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த அம்மாளுக்கு எந்த வார்த்தையால் விளக்குவது? அன்று பலகையில் நெட் தொடர்பை முன்கூட்டியே துண்டித்துவிட்டு, சாதாரண ஒலிப்பதிவுச் செயலி ஒன்றில்தான் பதிவு செய்திருந்தோம். "உங்க வீட்டாருக்கும் இந்தப் பிள்ளைக்கும் தவிர யாருக்கும் இல்லை" என்று பதில் சொல்ல முடிந்தது. "அப்பச் சரி. தாலாட்டு வேணும்னா ஊருக்கே போடுங்க" என்றார் அந்த அம்மாள்.

சட்டமும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தத்தின்படி, பாடுகிறவருக்குத் தாம் பாடியதன்மேல் தனி உரிமை உண்டு. அவருடைய சம்மதமில்லாமல் அதைப் பதிவு செய்யவோ பரப்பவோ கூடாது. பின்னர் அந்த உரிமையின் காலத்தை 50 வருஷமாக நீட்டியிருக்கிறார்கள். சபையில் பாடும் வித்வானுக்கு உள்ளது கருவை மரத்தடியில் பாடும் பாட்டிக்கும் உண்டு. ஆகவே ஒரு செயலியைப் பற்றி விசாரிக்கிறபோது, எத்தனை தடம், எத்தனை வாத்தியம் என்று கேட்பதோடு, பதிவு எங்கே தங்குகிறது என்றும் கேட்க வேண்டும். நம் பலகையிலேயே தங்குமா, வேண்டும்போது நாமே எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா, செயலியை நீக்கினால் பாட்டும் சேர்ந்து போய்விடுமா? கராஜ்பேண்ட், கியூபேஸிஸ், ஆடியோ எவல்யூஷன் ஆகியவற்றில் பதிவு கருவிக்குள்ளேயே இருக்கும். 'வேவ்' என்ற சுருக்கப்படாத வடிவத்தில் வெளியே எடுக்கலாம். செயலிக்கே உரிய அதன் சொந்த வடிவத்தில் மட்டும் விட்டுவைப்பது, பூட்டைப் பெட்டியோடு விற்றவனிடமே சாவியையும் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். அந்தச் செயலி நாளைக்கு நின்றுபோனால் பாட்டைத் திறக்க ஆள் இருக்காது. 'வேவ்' வடிவத்தை எந்தக் கருவியும் வாசிக்கும்.

இடம் போதுமா என்று கேட்பார்கள். விநாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட் என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் தடத்தில் நிமிஷத்துக்கு 8.64 மெகாபைட் ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 518. கையகலப் பென்டிரைவில் ஒரு கிராமத்துப் பாட்டு முழுவதையும் வைத்துவிடலாம். 16 பிட்டுக்குப் பதிலாக 24 பிட் ஏன் என்றால், ஓசையைச் சற்றுத் தாழ்வாகவே பதிவு செய்து பிறகு உயர்த்திக்கொள்ள அதில் இடமிருக்கிறது. கிராமத்துப் பதிவில் இது பெரிய அநுகூலம். தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெருவில் கொட்டு முழங்கும்.

செயலிக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை மைக்குக்குச் செலவழிப்பது உத்தமம். பலகையோடு பிறந்த மைக், பேச்சுக்கு ஆனது. கூடத்து மின்விசிறி, எதிர் வீட்டு ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் சமதர்மமாகப் பிடித்துக்கொள்ளும். தனியாக டிரைவர் ஒன்றும் கேட்காமல், செருகியவுடன் வேலை செய்யும் யு.எஸ்.பி. மைக் ஒன்று வாங்கி, பாடுகிறவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால், பதிவின் தரம் பத்து மடங்கு உயருகிறது. எந்தச் செயலியை மாற்றினாலும் இந்த வித்தியாசம் வராது. காற்றுக்கு மைக்கின்மேல் பஞ்சுறை போட வேண்டும். ஆடிக் காற்றில் கரிசல் காட்டில் நின்று பதிவு செய்ய முயன்றவர்களுக்கு, பஞ்சுறை போட்டாலும் போதாது என்பது தெரியும்; அப்போது சுவர் மறைவே துணை.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐபேட் வேலை செய்வதற்கு ஏற்ற வெப்பம் 35 டிகிரி வரைக்கும் என்று அதைச் செய்தவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. வெயிலில் வைத்த பலகை தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பாடுகிறவர் நடுவில் நிற்க வேண்டியதுதான். காலை ஏழு மணிக்குள், அல்லது விளக்கு வைத்த பிறகு என்று நேரம் குறித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுவே சௌகரியம்.

ஆக, கேட்கிற தகப்பனார்களுக்கு நாம் சொல்லுவது இது. பெரியவர்கள் பாட்டைச் சேகரிப்பதற்கு, 'வேவ்' வடிவத்தில் எழுதும் சாதாரண ஒலிப்பதிவுச் செயலி போதும். தடம் தடமாக அடுக்கும் செயலியே வேண்டியதில்லை. பிள்ளை சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆசைப்பட்டால், ஐபேட் உள்ள வீட்டில் கராஜ்பேண்ட், ஆண்டிராய்டு உள்ள வீட்டில் பேண்ட்லாப். இரண்டு வருஷம் இதில் ஊன்றி நின்றானானால் அப்புறம் காசு கொடுத்து கியூபேஸிஸோ ஆடியோ எவல்யூஷனோ வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

இன்னும் ஒன்று. கௌஹர் ஜான் என்ற பிரசித்தி பெற்ற பாடகி, கல்கத்தாவில் தட்டுக்குப் பாடியபோது, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி முடிப்பார். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் தட்டு அச்சடிக்கிறவர்களுக்கு இது யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு என்பார்கள். நமது பிள்ளைகளுக்கும் இதையே விதியாக வைத்திருக்கிறோம். பதிவுப் பொத்தானை அமுக்கியவுடன், பாடுகிறவர் தம் பெயரையும், ஊரையும், யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதையும் தாமே சொல்ல வேண்டும். பிள்ளை தேதியைச் சொல்ல வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது இவை எழுத்தில் விட்டுப் போனாலும் குரலிலே இருக்கும்.

அடுத்த தை மாதத்துக்குள் உறுமி மேளக்காரர்களைப் பதிவு செய்ய எண்ணியிருக்கிறோம். ஒரு மைக்கில் அது ஆகாது என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். உறுமிக்கு ஒன்று, நாயனத்துக்கு ஒன்று வேண்டுமாம். மேளத்து மூப்பரைப் பார்த்துப் பேசியாயிற்று. "பாடுற கூலி என்ன, பதிஞ்சதுல எங்களுக்கு ஒரு பிரதி உண்டா?" என்று இரண்டு கேள்வி கேட்டார். கூலி பேசி முடித்தோம். பிரதிக்கு ஒரு பென்டிரைவ் தனியாக வாங்க வேண்டும்.